துணை என்றால் சரி, காதல் என்றால்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலைப் பிரிக்கும் முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும். இறந்தது மனைவி என்றால், "ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு ஒத்த ஆம்பளை எத்தனை நாளைக்கு அல்லாடுவான்?" என்று யாராவது ஒரு பெரியம்மா எடுத்துக் கொடுப்பார். இறந்தது கணவன் என்றால் அதே பெரியம்மா, "ரெண்டு பிள்ளைக இருக்கு, அதுக முகத்தைப் பாத்து மனசை ஆத்திக்கோ" என்பார். அவர் மறுபடி கட்டிக்கொள்ளவும் பிள்ளைகள்தான் காரணம், அவள் கட்டிக்கொள்ளாமல் இருக்கவும் பிள்ளைகள்தான் காரணம்.

கவனித்தால் இன்னொன்றும் தெரியும். இந்தப் பேச்சில் ஆசைக்கு இடமே கிடையாது. சோறு பொங்க ஆள், பிள்ளை வளர்க்க ஆள், வயதான காலத்தில் ஒரு துணை, ஒரு பாதுகாப்பு என்று எந்தக் காரணத்தையும் சபையில் சொல்லலாம். "எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது" என்பதை மட்டும் சொல்ல முடியாது. மறுமணத்தை ஏற்றுக்கொள்ள நாம் ஓரளவு பழகிவிட்டோம். இழப்புக்குப் பிறகு வரும் காதலை ஏற்க இன்னும் பழகவில்லை. இது பழைய மனப்பான்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் நம் சட்டம், ஓய்வூதிய விதி, அரசு நிதியுதவி, சீர்திருத்தப் பிரசாரம் எல்லாமே இதே கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆண் பெண் வேறுபாட்டுக்குப் புறநானூற்றிலேயே சாட்சி இருக்கிறது. 245ஆம் பாட்டில் சேரமான் மாக்கோதை மனைவியின் சிதையருகே நின்று, இவ்வளவு துயரத்துக்குப் பிறகும் நான் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று திகைக்கிறான். அடுத்த பாட்டில், கணவன் பூதபாண்டியனை இழந்த பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணாகக் கீரையைத் தின்று கல்லில் படுத்துக் கிடப்பதைவிடத் தீயே மேல் என்று கிளம்புகிறாள். ஒருவனுக்கு வாழ்வது வியப்பு, ஒருத்திக்கு வாழ்வது தண்டனை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணவனை இழந்த பெண்கள் சுமார் 4.3 கோடிப் பேர். மனைவியை இழந்து தனியாக இருந்த ஆண்கள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், கணவனுக்கு வயது அதிகம் என்பவை பாதிக் காரணம். ஆண்கள் மறுபடி கட்டிக்கொண்டு அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறார்கள் என்பது மீதி.

சட்டத்துக்கு வருவோம். இந்து விதவைகள் மறுமணச் சட்டம் வந்தது 1856 ஜூலையில். ஈசுவர சந்திர வித்யாசாகர் போராடிப் பெற்ற சட்டம் என்பது பள்ளிக்கூடப் பாடத்திலேயே வரும். அதன் 2ஆம் பிரிவு அந்த அளவுக்குப் பிரபலமில்லை. மறுமணம் செய்துகொள்ளும் பெண், இறந்த கணவனின் சொத்தில் தனக்கு வந்த உரிமையை இழப்பாள் என்றது அது. மேல்சாதி வீடுகளில் மறுமணமே கிடையாது என்பதால், இதில் அவர்களுக்குப் புதிதாக இழக்க ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 'அறுத்துக் கட்டும்' வழக்கம் பல சமூகங்களில் காலகாலமாக இருந்தது. தாலி அறுத்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்வதை அங்கே யாரும் பெரிய புரட்சியாக நினைக்கவில்லை. அப்படிப்பட்ட வழக்கமுள்ள சமூகங்களின் பெண்களுக்கும் இந்தச் சொத்திழப்பு பொருந்துமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குப் போனது. அலகாபாத் உயர் நீதிமன்றம் பொருந்தாது என்றது. சென்னை, பம்பாய், கல்கத்தா நீதிமன்றங்கள் மறுமணம் செய்தால் சொத்து போய்விடும் என்றே தீர்த்தன. விதவைக்கு விடுதலை தர வந்த சட்டம், ஏற்கெனவே விடுதலையாக இருந்தவள் கையிலிருந்து நிலத்தை வாங்கிக்கொண்டது. இதை ஏன் பாடப் புத்தகத்தில் சேர்க்கவில்லை என்று தெரியவில்லை.

பிறகு வந்த சீர்திருத்தக்காரர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல முடியாது. ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் முதல் விதவைத் திருமணத்தை 1881 டிசம்பரில் நடத்தினார். அது அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ஊர். 'தி இந்து' நாளிதழின் நிறுவனர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1889இல் பம்பாயில் காங்கிரஸ் மாநாடு நடந்த சமயத்தில், விதவையான தன் மகளுக்கு அங்கேயே மறுமணம் செய்துவைத்து, ஊர் திரும்பியதும் சாதிவிலக்கைச் சந்தித்தார். பெரியார் 1909இல் தன் தங்கையின் மகளுக்கு, குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மறுமணம் நடத்தினார்.

இந்தக் கதைகளில் வரும் மணமகள்கள் பெரும்பாலும் சிறுமிகள். பத்து வயதுக்கு முன்னும் பின்னும் தாலி ஏறி, புருஷன் முகம் கூடச் சரியாகத் தெரியாமல் தாலி இறங்கிய குழந்தைகள். சீர்திருத்தத்தின் வலுவான வாதமும் அதுதான்: இவள் வாழவே இல்லை, இவளை ஏன் தண்டிக்கிறீர்கள்? கேட்பவர் மனம் இளகும். ஆனால் பத்து வருஷம் குடும்பம் நடத்தி, கணவனை உண்மையாகவே நேசித்து, அவன் போன பிறகு மறுபடி ஒருவரை நேசிக்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இந்த வாதத்தில் இடமில்லை. அவள்தான் வாழ்ந்து பார்த்தவளாயிற்றே! பெண்ணுக்கும் இயற்கையான விருப்பங்கள் உண்டு என்று கூச்சப்படாமல் பேசியதில் சுயமரியாதை இயக்கம் மற்றவர்களைவிட ஒரு படி முன்னே போனது. 1929 செங்கல்பட்டு மாநாட்டிலேயே விதவை மறுமணத்துக்குத் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பேச்சு மேடையிலிருந்து வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். கூடத்துக்கு வந்து சேர்ந்தது 'பாவம், சின்ன வயசு' என்ற இரக்கம் மட்டும்தான்.

அரசு அந்த இரக்கத்தையே திட்டமாக்கியது. 1975 முதல் தமிழ்நாட்டில் விதவை மறுமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது. சித்த மருத்துவரும், 1938 மொழிப் போராட்டத்தில் முன்னின்றவருமான டாக்டர் தருமாம்பாள் அம்மையார் பெயரில் அது நடக்கிறது. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைக் கொடுத்த பெண்கள் மாநாட்டைக் கூட்டியவர்களில் அவரும் ஒருவர். திட்டம் நல்ல திட்டம். வருமான வரம்பு இல்லை, ரொக்கத்தோடு தாலிக்குத் தங்கமும் உண்டு, பட்டம் படித்தவருக்குத் தொகை கூடுதல். திருமணம் முடிந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மணமகன் வயதுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்: 40. மணமகள் 20 வயது நிரம்பியிருந்தால் போதும். மறுமணம் என்றதும் அரசின் மனக்கண்ணில் வரும் முகம் எது என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. 52 வயதுக்காரி ஒருத்தி 57 வயதுக்காரர் ஒருவரை விரும்புவது திட்டத்தில் இல்லாத விஷயம்.

யாரைக் கட்டிக்கொள்வது என்பதிலும் ஒரு சாய்வு உண்டு. மனைவி இறந்தால் அவள் தங்கையைக் கட்டுவது நம் ஊர்களில் சகஜம். பிள்ளைகளுக்குச் சித்தியே அம்மாவாகிவிடுவாள், வேற்று ஆள் வரவேண்டாம் என்பார்கள். 1955 இந்து திருமணச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. கணவன் இறந்தபின் அவன் தம்பியைக் கட்டுவதோ, அந்தச் சட்டம் தடைசெய்த உறவுகளின் பட்டியலில் இருக்கிறது. சமூக வழக்கம் இருந்தால் மட்டுமே விலக்கு. வடக்கே பஞ்சாப், அரியானா பக்கம் அந்த வழக்கம் வலுவாக உண்டு. அதனால் ராணுவ விதிகளில் ஒரு விசித்திரம் பல ஆண்டுகள் நீடித்தது. வீரதீர விருது பெற்று இறந்தவரின் மனைவி மறுமணம் செய்தால் விருதுக்கான மாதத்தொகை நின்றுவிடும். இறந்தவரின் சகோதரனையே மணந்தால் மட்டும் தொடரும். நாட்டுக்காக இறந்தவனின் மனைவி அந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது, போனால் பணமில்லை. 2017 நவம்பரில்தான் இந்த நிபந்தனையை நீக்கினார்கள்.

இழப்பு, அவசரம், மறுமணம் மூன்றும் ஒரே இடத்தில் குவிந்ததைத் தமிழ்நாடு பார்த்தது ஆழிப்பேரலைக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம் 2005 மார்ச்சில் அரசுக் கணக்கை வைத்துத் தந்த எண்களின்படி, கடலூரில் இறந்த ஆண்கள் 146, பெண்கள் 391. காரணம் தொழிலிலேயே இருந்தது. ஆண்கள் பலர் படகில் கடலுக்குள் இருந்தார்கள்; ஆழ்கடலில் அலை அவ்வளவாகத் தெரியாது. பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். நீச்சல் தெரியாது, இடுப்பில் பிள்ளை, காலைச் சுற்றிய சேலை.

அடுத்த சில மாதங்களில் குப்பங்களில் திருமணங்கள் நடந்தன. மனைவியை இழந்த மீனவர்கள் பலர் ஓராண்டு திவசத்துக்கு முன்பே மறுமணம் செய்துகொண்டார்கள். சிலர் மனைவியின் தங்கையையே. வெளியூர்ப் பார்வையாளர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஆனால் மீனவர் வீட்டில் மனைவி என்பவள் தொழிலில் பாதி. பிடித்து வருவது அவன், ஏலத்தில் எடுத்துக் கூடையில் சுமந்து விற்றுக் காசாக்குவது அவள், கடன் வாங்குவதும் அடைப்பதும் பெரும்பாலும் அவள்தான். அவள் இல்லாத வீட்டில் அடுத்த நாள் வியாபாரமே இல்லை. இது புரிந்தால் அந்த அவசரம் கொஞ்சம் புரியும். புரிவதனால் எல்லாம் சரியென்று ஆகிவிடாது. வயது குறைந்த பெண்களைக் கட்டிவைக்கிறார்கள் என்ற கவலையைத் தொண்டு நிறுவனங்கள் அப்போதே எழுப்பின. இறந்தவர் ஒருவருக்கு மாநில அரசு ஒரு லட்சம், பிரதமர் நிதியிலிருந்து ஒரு லட்சம் என்று வந்த நிவாரணப் பணம், துக்கத்தில் இருந்தவனைத் திடீரென்று நல்ல மாப்பிள்ளை ஆக்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை. கணவனை இழந்த பெண்களுக்கும் அதே பணம் வந்தது. அவர்களைத் தேடி வரன் வந்த கதை அபூர்வம்.

அதே கரையில், பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த தம்பதிகளுக்காக, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் திரும்ப மாற்றும் அறுவைசிகிச்சையை அரசு இலவசமாகச் செய்துதந்தது. இருவரும் உயிரோடிருந்தும் இழப்புக்குப் பிறகு மறுபடி ஒருவரையொருவர் தொடவேண்டியிருந்த குடும்பங்கள் அவை. அவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இனி பணம். ஒரு விதவை மறுபடி காதலிக்கலாமா என்று வீடு யோசிக்கும்போது, வெளியே பேசுவது மானம், உள்ளே ஓடுவது ஓய்வூதியக் கணக்கு. அரசு ஊழியர் இறந்தால் வரும் குடும்ப ஓய்வூதியம், பொது விதியாக, மறுமணம் வரைக்கும்தான். பிள்ளைகள் இருந்தால் அது அவர்களுக்குப் போகும். மத்திய அரசு 2006 முதல் ஒரு விலக்கு தந்தது: பிள்ளை இல்லாத விதவை மறுமணம் செய்தாலும், அவர் வருமானம் குறைந்தபட்ச குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை பணம் தொடரும். தனியார் வேலை செய்தவரின் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியமும் மறுமணத்தோடு மனைவிக்கு நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அப்போதிருந்து அநாதைப் பிள்ளைகளுக்கான கூடுதல் விகிதம் கிடைக்கும். அம்மா பக்கத்திலேயே இருந்தாலும் காகிதத்தில் அவர்கள் அநாதைகள்! ஆதரவற்ற விதவைகளுக்கான மாநில உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதுவும் மறுமணம் வரைதான்.

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான்: அவளைக் காப்பாற்ற இன்னொரு ஆண் வந்துவிட்டான், இனி நாம் எதற்கு? வருபவன் தினக்கூலியா, கடனாளியா என்று விதி கேட்பதில்லை. அதனால்தான் சில பேர் பதிவும் செய்யாமல், ஊருக்கும் சொல்லாமல், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். பெரும்பாலும் அது மாதம் சில ஆயிரம் ரூபாய்க் கணக்கு.

சொத்து விஷயத்தில் நிலைமை மக்கள் நினைப்பதைவிட நல்லபடியாகவே இருக்கிறது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு வந்த பிறகு, கணவன் இறந்தபோது மனைவிக்கு வந்துசேர்ந்த பங்கு அவளுக்கே முழுச் சொந்தம்; பின்னால் மறுமணம் செய்தாலும் யாரும் திரும்பக் கேட்க முடியாது. 2008இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 1856 சட்டம் 1983இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மறுமணம் செய்த மருமகள் போன்ற சிலரின் வாரிசுரிமையைத் தடுத்த, வாரிசுரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவையும் 2005 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் 'மறுபடி கட்டினால் ஒரு சென்ட் கிடையாது' என்று மாமனார் வீடு மிரட்டுவதும், பெண் அதை நம்புவதும் இன்றும் நடக்கிறது. மாமனார் வீட்டின் எதிர்ப்பில் பாதி, மகனை மறந்துவிடுவாளோ என்ற உண்மையான வலி. மறு பாதி, நிலம் வேறு வீட்டுக்குப் போய்விடுமோ என்ற பயம். முன்னதோடு உட்கார்ந்து பேசலாம். பின்னதோடு பேச வக்கீல் வேண்டும்.

பிள்ளைகள் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணவனை இழந்து மறுமணம் செய்த ஆந்திரப் பெண் ஒருவர், குழந்தைக்குப் புதுக் கணவரின் குடும்பப் பெயரை வைத்தார். இறந்தவரின் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆவணங்களில் இரண்டாம் கணவரை 'மாற்றாந்தந்தை' என்று காட்டச் சொன்னது உயர் நீதிமன்றம். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. அப்படி எழுதுவது குழந்தையின் மனதைப் பாதிக்கும், பெயரை முடிவு செய்யும் உரிமை தாய்க்கு உண்டு என்றது. பெயர் கிடைத்தால் சொத்தும் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. முறைப்படி தத்தெடுக்காவிட்டால், மாற்றாந்தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மனைவியின் முன்கணவன் பிள்ளை 'மகன்' என்ற இடத்தில் வாரிசாக வரமாட்டான்.

சரி, மனம்? இறந்தவரிடமிருந்து அன்பை முழுசாக விலக்கிக்கொண்டால்தான் அடுத்தவரிடம் வைக்க முடியும் என்று 1917இல் எழுதினார் உளவியல் அறிஞர் ஃப்ராய்டு. 1920இல் அவர் மகள் சோஃபி இறந்தாள். ஒன்பது ஆண்டு கழித்து, மகனை இழந்த நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடம் ஒருபோதும் முழுதாக நிரம்பாது, நிரம்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற பொருளில் எழுதினார். தன் கோட்பாட்டைச் சொந்த வாழ்க்கையே திருத்தியது போலத் தோன்றுகிறது. பின்னால் வந்த ஆய்வாளர்களும் இந்தப் பக்கமே சாய்ந்தார்கள். 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் மூவரும், இறந்தவரோடு உறவு வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பு, அது நோயல்ல என்றார்கள். 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும், துக்கத்தில் இருப்பவர் இழப்புக்கும் புதுவாழ்வுக்கும் இடையே போய்ப்போய் வருகிறார் என்று விளக்கினார்கள். காலையில் அழுதவர் மாலையில் சிரிப்பது பொய்யும் இல்லை, துரோகமும் இல்லை. முதலில் துக்கத்தை முடி, அப்புறம் காதலி என்ற வரிசையை இந்த ஆய்வுகள் ஒப்புக்கொள்ளவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகளின் பூவாடைக்காரி வழிபாடு நினைவுக்கு வந்தது. சுமங்கலியாக இறந்த பெண்ணை வீட்டுத் தெய்வமாக்கி, புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். இறந்தவள் மூத்த தாரம் என்றால், இளைய தாரம்தான் முன்னின்று படைப்பாள். படைத்த சேலையை அவளே உடுத்துவதும் உண்டு. கூடத்துப் போட்டோவைக் கழற்றவேண்டாம், பெயரைச் சொல்லத் தயங்கவேண்டாம், மூத்தவளுக்கும் இளையவளுக்கும் அந்த வீட்டில் இடமிருக்கிறது. மேலைநாட்டு ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் எட்டிய முடிவுக்கு நம் வீடுகளில் ஒரு சடங்கே இருந்திருக்கிறது. ஆனால் அது மனைவி இறந்த வீட்டுக்கு மட்டும். முதல் கணவனின் படத்துக்கு இரண்டாம் கணவன் மாலை போடும் சடங்கு எதுவும் நம்மிடம் இல்லை. அவன் படம் பெரும்பாலும் மாமியார் வீட்டிலேயே தங்கிவிடும், அல்லது பீரோவுக்குள் சேலைக்கு அடியில் போய்விடும்.

இப்போது மாறிவரும் இடம் வயதானவர்களின் வீடு என்று தோன்றுகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், ஐம்பத்தைந்து அறுபது வயதில் ஒற்றையாக நிற்பவர்கள், காலை நடைப்பயிற்சியிலோ பேரப்பிள்ளையின் பள்ளிவாசலிலோ பேசிப் பழகுகிறார்கள். இங்கே 'பிள்ளைகளுக்காக' என்ற சாக்கு கிடையாது, பிள்ளைகள்தான் எதிர்க்கட்சி. "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்பவர்களும் பத்திரிகையில் 'துணை தேவை' என்று விளம்பரம் கொடுத்தால் ஓரளவு அடங்கிவிடுகிறார்கள். முழங்கால் வலிக்கு ஓர் ஆள் என்றால் சம்மதம். அம்மா சேலைக்கு மேட்ச்சாக வளையல் வாங்க ஆரம்பித்தால்தான் வீட்டில் பிரச்சினை.

அப்படி முடிவெடுப்பவர்களுக்குச் சட்டத்தில் காத்திருப்புக் காலம் என்று எதுவும் இல்லை. இஸ்லாமியப் பெண்களுக்கு மட்டும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா உண்டு. முதல் துணையின் இறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 2009 தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, கோயிலில் கட்டினாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சுயமரியாதை முறையில் மாலை மாற்றிக்கொண்டாலும் செல்லும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1967 திருத்தம் அதற்கு இடம் தந்திருக்கிறது. மதம் வேறென்றால் சிறப்புத் திருமணச் சட்டம், முப்பது நாள் முன்னறிவிப்பு. வீடும் நகையும் எந்தப் பிள்ளைகளுக்கு என்று இருவரும் தனித்தனியாக உயில் எழுதி, திருமணத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் காட்டிவிடுவது நல்லது. எதிர்ப்பின் சத்தம் பெரும்பாலும் அதோடு பாதியாகக் குறையும்.